அமரும் உயரமும் கவிழா நிலையும்

தண்டுவடத்தில் அடிபட்டு இரு கால்களும் இயங்காமற்போன ஒருவர் தம் சக்கர நாற்காலியில் ஓராண்டுக் காலம் நன்கு பழகிவிட்டார் எனக் கொள்வோம். வாசலில் உள்ள சாய்தளத்தில் தாமே ஏறுவார், தாமே இறங்குவார். ஒருநாள் உறவினர் ஒருவர் அன்போடு தடித்த மெத்தை ஒன்றை வாங்கிவந்து பழைய மெத்தை இருந்த இடத்தில் இட்டார். அமர்ந்த நொடியில் இதமாகத்தான் இருந்தது. மாலையில் சாய்தளத்தில் ஏறத் தொடங்கியபோது முன்சக்கரங்கள் தரையைவிட்டு எழப் பார்த்தன. சக்கரத்தைத் தள்ளும் கைவளையத்தை எட்டிப் பிடிக்க உடலைக் குனிக்க வேண்டியிருந்தது. பாதங்கள் கால்தாங்கியில் படியாமல் ஊசலாடின. இரவில் சாப்பாட்டு மேசைக்கு அடியில் முழங்கால்கள் நுழையவில்லை. நாற்காலியில் ஒரு திருகாணியையும் எவரும் தொடவில்லை. மாறியது 5 செ.மீ. உயரம் மட்டுமே.

அந்த 5 செ.மீ. இத்தனையையும் எவ்வாறு மாற்றியது? இவ்வினாவுக்கு விடை தேடினால், சக்கர நாற்காலியின் இருக்கை உயரம் என்பது தனித்து நிற்கும் ஓர் எண் அன்று என்பது புலப்படும். கால், கை, நிலம், சுற்றியுள்ள வீடு ஆகிய நான்கும் தத்தமக்கு உரிய உயரத்தைக் கேட்கின்றன. அந்நான்கு வேண்டுகோளும் ஒன்றோடொன்று உடன்படும் புள்ளியே சரியான உயரம்.

உருண்டு வந்த வரலாறு

1655ஆம் ஆண்டில், செருமனியின் நியூரம்பர்க் நகருக்கு அருகே வாழ்ந்த இசுடீபன் ஃபார்ஃப்ளர் என்னும் மணிப்பொறி வினைஞர், நடக்க இயலாத தமக்கென ஒரு மூன்று சக்கர வண்டியைச் செய்துகொண்டார். அமர்ந்தபடியே கையால் சுழற்றி ஓட்டும் வண்டி அது. அதன் அளவுகள் யாவும் அவருடைய உடலுக்கே உரியவை. செய்தவரும் அமர்ந்தவரும் ஒருவரே என்பதால் அளவில் பிழை நேர வழியில்லை.

1933இல் அமெரிக்காவில் எர்பர்ட் எவரெசுட்டு, ஆரி சென்னிங்சு என்னும் இருவர் குறுக்குச் சட்டத்தால் மடங்கும் எஃகு நாற்காலியை உருவாக்கினர். எவரெசுட்டு சுரங்க நேர்ச்சியில் முதுகெலும்பு முறிந்தவர், சென்னிங்சு பொறியாளர். மகிழுந்தில் ஏற்றிச் செல்லத்தக்க அந்த அமைப்பு உலகெங்கும் பரவியது. இன்றும் மருத்துவமனை நடைவழிகளில் நாம் காணும் நாற்காலி அதன் வழிவந்ததே. ஆயினும் ஆயிரக்கணக்கில் ஒரே அச்சில் வார்க்கப்பட்டபோது ஃபார்ஃப்ளர் வண்டியில் இருந்த ஒரு பண்பு மறைந்தது. நாற்காலி மனிதருக்கேற்ப அமையும் நிலை மாறி, மனிதர் நாற்காலிக்கேற்பத் தம்மை வளைத்துக்கொள்ளும் நிலை வந்தது.

1978இல் கலிபோர்னியாவில் சறுக்குச் சிறகு கட்டிப் பறக்கையில் விழுந்து கால்கள் செயலிழந்த மேரிலின் ஆமில்டன் என்னும் பெண்மணி, எஃகு நாற்காலியின் எடையைப் பொறுக்காமல், சிறகு கட்டும் நண்பர்களிடமே இலகுவான அலுமினிய நாற்காலியைச் செய்யச் சொன்னார். எடை குறைந்த அந்த வகையோடு, பின்சக்கர அச்சை மேலும் கீழும் முன்னும் பின்னும் மாற்றிப் பூட்டும் துளைத்தகடுகளும் பரவின. உயரம் அன்றுமுதல் மீண்டும் மனிதரின் கைக்கு வந்தது. கைக்கு வந்த உரிமையை முறையாகக் கையாள்வதற்கு அறிவியல் வேண்டும்.

கால் கேட்கும் உயரம்

அமர்ந்திருக்கும் உடலின் எடை முழுவதும் இடுப்பின் அடியிலுள்ள இரண்டு எலும்பு முனைகளில் இறங்க முயலும். இவற்றை அமர்வெலும்புகள் எனலாம். எடையைத் தொடைகளும் பாதங்களும் பகிர்ந்துகொண்டால் அம்முனைகளின் சுமை குறையும். அழுத்தம் என்பது எடையைப் பரப்பால் வகுத்த ஈவு. பரப்பு சுருங்கினால் அழுத்தம் பெருகும். உணர்ச்சியற்ற தோலில் நீடித்த அழுத்தம் குருதியோட்டத்தை நிறுத்தி அழுத்தப்புண்ணை உண்டாக்கும். தோல் சிவப்பதற்கு முன்பே உள்ளே தசை கெட்டிருக்கக்கூடும் என்பதே அப்புண்ணின் கொடுமை.

கால்தாங்கி அளவுக்கு மீறி உயர்ந்திருந்தால் முழங்கால்கள் மேலெழும். தொடைகள் மெத்தையைவிட்டு விலகும். எடை அனைத்தும் அமர்வெலும்புகளில் குவியும். தாங்கி தாழ்ந்திருந்தால் பாதங்கள் தொங்கும். இருக்கையின் முன்விளிம்பு முழங்காலின் பின்குழியை அறுக்கும். பாதத்தைத் தேடி இடுப்பு முன்னோக்கி வழுக்கும். வழுக்கிய இடுப்பு பின்னே சுருண்டு, வால்முனை எலும்பின்மேல் உடல் அமரும். நெடுநேரம் கூன் விழுந்தாற்போல் அமர்ந்திருக்கும் பலரிடம் முதுகில் குறையிராது. குறை கால்தாங்கியில் இருக்கும்.

இதற்கான கணக்கு எளியது. முழங்காற் குழியிலிருந்து செருப்பணிந்த குதிகால்வரை 42 செ.மீ. எனக் கொள்வோம். கால்தாங்கி மேடுபள்ளங்களில் இடிக்காதிருக்கத் தரையிலிருந்து 5 செ.மீ. இடைவெளியேனும் வேண்டும். ஆகவே அமரும் பரப்பு 47 செ.மீ. உயரத்தில் அமையலாம். அமர்ந்தபின் 6 செ.மீ.க்கு அமுங்கும் மெத்தை எனில், அதன் அடியிலுள்ள துணி இருக்கை 41 செ.மீ. உயரத்தில் இருந்தால் போதும். ஆனால் கடைகளில் பொதுவாகக் கிடைக்கும் நாற்காலியில் துணி இருக்கையே ஏறத்தாழ 50 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. மெத்தையிட்டு அமர்ந்தால் 56. கால்தாங்கியை உயர்த்திப் பாதத்தை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் கையையும் மேசையையும் அவ்வாறு ஏற்ற முடியாது.

பக்கவாதத்தால் ஒருபக்கம் செயலிழந்தவருக்குக் கணக்கு வேறு. அவர் ஒரு கையால் வளையத்தையும் ஒரு காலால் தரையையும் தள்ளியே நகர்வார். குதிகால் தரையில் முழுதும் படிய வேண்டுமாதலால், 42 செ.மீ. கீழ்க்காலுக்கு மெத்தையின் மேற்பரப்பு 42 செ.மீ.க்கு மேற்படலாகாது. உயரமான நாற்காலியில் அவரை அமர்த்தினால், தரையை எட்டுவதற்காகவே அவர் நாளெல்லாம் முன்னே வழுக்கிக்கொண்டிருப்பார்.

கை கேட்கும் உயரம்

தம் கையால் நாற்காலியைச் செலுத்துவோருக்கு வளையத்துக்கும் தோளுக்கும் இடைப்பட்ட தொலைவே முதன்மையானது. இருக்கை மிக உயர்ந்தால் கை வளையத்தின் உச்சியை மட்டுமே தொடும். ஒவ்வொரு தள்ளலிலும் கை வளையத்தோடு செல்லும் வில் குறுகும். அதே தொலைவைக் கடக்கக் கூடுதல் முறை தள்ள வேண்டும். இருக்கை மிகத் தாழ்ந்தால் முழங்கை கூர்மையாக மடங்கி, தோள் காதை நோக்கி ஏறி, மேற்கை பக்கவாட்டில் சிறகுபோல் விரியும். தோள்மூட்டின் நாண்கள் எலும்புகளுக்கு இடையில் நசுங்கும்.

நெதர்லாந்தின் லூக்கசு வான் டெர் வௌட் என்னும் ஆய்வாளரும் அவர்தம் குழுவினரும் 1989இல் இதனை அளந்து பார்த்தனர். இருக்கையை வெவ்வேறு உயரங்களில் வைத்து ஓட்டச் செய்து, உடல் செலவிடும் ஆக்சிசனைக் கணக்கிட்டனர். கையை வளையத்தின் உச்சியில் வைத்தபோது முழங்கை 100 முதல் 120 பாகை வரை விரிந்திருக்கும் உயரத்தில் செலவு குறைவாக இருந்தது. கை முழுதும் நீண்டிருப்பதை 180 பாகை எனக் கொள்ளும் கணக்கு இது. 2005இல் அமெரிக்காவில் தண்டுவடம் பாதிக்கப்பட்டோரின் தோள்களைக் காக்க வெளிவந்த மருத்துவ வழிகாட்டியும் இதே கோணத்தைப் பரிந்துரைத்தது.

கோணமானி இல்லாதவரும் இதைச் சோதிக்கலாம். நிமிர்ந்து அமர்ந்து கைகளைப் பக்கங்களில் தளரத் தொங்கவிட வேண்டும். நடுவிரல் நுனி பின்சக்கரத்தின் நடு அச்சைத் தொட்டால் உயரம் ஏறத்தாழச் சரி. அச்சுக்கு மேலே நின்றுவிட்டால் இருக்கை உயர்ந்துள்ளது. அச்சைத் தாண்டிக் கீழே இறங்கினால் தாழ்ந்துள்ளது.

கால்கள் இயங்காதவருக்குத் தோள்மூட்டே கால் ஆகிவிடுகிறது. நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான முறை தள்ளுவதும், கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் உடலைத் தூக்கி மாற்றுவதும் அத்தோள்தான். இடுப்பு மூட்டைப்போல் எடை சுமக்கப் படைக்கப்பட்டதன்று அது. ஆகவே இருக்கை உயரத்தில் நேரும் பிழை ஓரிரு நாளில் தெரியாது. பத்தாண்டு கழித்துத் தோள்வலியாக வந்து நிற்கும்.

நிலம் கேட்கும் உயரம்

வைக்கோற்போரை உயர ஏற்றிய வண்டி வளைவில் சாய்வதை நாம் கண்டிருக்கிறோம். அடியில் களிமண் கனத்த தஞ்சாவூர்ப் பொம்மை தள்ளத் தள்ள நிமிர்வதையும் கண்டிருக்கிறோம். இரண்டையும் ஆள்வது ஒரே விதி. ஈர்ப்பு மையத்திலிருந்து நேர் கீழே இறங்கும் கோடு தாங்குபரப்புக்குள் விழும்வரை பொருள் நிற்கும். வெளியே விழுந்தால் கவிழும்.

நம் எடுத்துக்காட்டு மனிதரும் நாற்காலியும் சேர்ந்த ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 70 செ.மீ. உயரத்திலும், பின்சக்கர அச்சுக்கு 10 செ.மீ. முன்னும் இருப்பதாகக் கொள்வோம். அவர் வளையங்களை இறுகப் பிடித்தால் சக்கரமும் சட்டமும் ஒரே உடலாகிவிடும். அப்போது பின்சக்கரம் தரையைத் தொடும் புள்ளியே கவிழும் மையம். 10ஐ 70ஆல் வகுத்துக் கோணமாக்கினால் 8.1 பாகை. அத்தனை சரிவில் நாற்காலி பின்னே கவிழும் விளிம்பை அடையும். 12 அடி நீளத்துக்கு 1 அடி ஏறும் முறையான சாய்தளத்தின் சரிவு 4.8 பாகை. எஞ்சும் காப்பு 3.3 பாகை. இடம் போதவில்லையென்று பல கட்டடங்களில் 6 அடிக்கு 1 அடி ஏறுமாறு கட்டிவிடுகிறார்கள். அதன் சரிவு 9.5 பாகை. முன்னே குனியாமல் அதில் ஏறினால் இவர் கவிழ்வது உறுதி.

இனி மெத்தைக்கு வருவோம். நாற்காலி உயராமல் உடல் மட்டுமே உயர்வதால், கூடுதலான 5 செ.மீ. மெத்தை கூட்டு மையத்தை ஏறத்தாழ 4 செ.மீ. உயர்த்தும். கவிழ்கோணம் 8.1 பாகையிலிருந்து 7.7 ஆகக் குறையும். இழப்பு 0.4 பாகையே. அப்படியாயின் முன்சக்கரங்கள் ஏன் எழப் பார்த்தன? மெத்தை உடலை உயர்த்தியதால் முதுகுத்தாங்கி முதுகில் தாழ்ந்துவிட்டது. தாங்கியின் விளிம்புக்கு மேலே உடல் பின்னே சாய்ந்தது. ஈர்ப்பு மையம் ஒரே ஒரு செ.மீ. பின்னே நகர்ந்தாலும் கவிழ்கோணம் 6.9 ஆகிவிடும். அதன்மேல் வளையத்தை வலிந்து தள்ளும் ஒவ்வொரு முறையும் சட்டம் பின்னோக்கித் திரும்ப முயலும். எஞ்சியிருந்த காப்பு அதிலே கரைந்தது. உயரத்தில் 5 செ.மீ. மாறுவதைவிட, முன்பின்னாக ஒரு செ.மீ. மாறுவது வலியது என்பதை இக்கணக்கு காட்டுகிறது. உயரம் தானாகச் செய்யும் தீங்கு சிறிது. உடலைச் சாயவைத்துச் செய்யும் தீங்கே பெரிது.

தாழ்த்தியும் கவிழும் விந்தை

இருக்கையைத் தாழ்த்தினால் நிலைப்புக் கூடும் என்று நம்பி, பலர் பின்சக்கர அச்சைத் துளைத்தகட்டில் ஒரு துளை மேலே ஏற்றிப் பூட்டிவிட்டு வேலை முடிந்ததென எழுந்துவிடுகிறார்கள். அச்சு சட்டத்தில் 2.5 செ.மீ. மேலேறினால் சட்டத்தின் பின்பகுதி அவ்வளவு தாழும். முன்பகுதி இருந்த உயரத்திலேயே நிற்கும். முன் பின் சக்கரங்களுக்கு இடையே 40 செ.மீ. எனில், நாற்காலி முழுவதும் 3.6 பாகை பின்னே சாய்ந்துவிட்டது என்பது பொருள்.

கணக்கிட்டுப் பார்த்தால், ஈர்ப்பு மையம் 70இலிருந்து 68 செ.மீ.க்கு இறங்குகிறது, நன்று. ஆனால் அச்சுக்கு முன்னே இருந்த 10 செ.மீ. 7.6 ஆகச் சுருங்குகிறது. கவிழ்கோணம் 8.1 பாகையிலிருந்து 6.4க்கு வீழ்கிறது. தாழ்ந்த நாற்காலி முன்னிலும் எளிதில் கவிழும் நாற்காலியாகிவிட்டது. அதே 2.5 செ.மீ. அளவை முன்னும் பின்னும் ஒருசேரத் தாழ்த்தியிருந்தால் கோணம் 8.4க்கு உயர்ந்திருக்கும்.

பின்பகுதி சற்றுத் தாழ்ந்த இருக்கையை வேண்டுமென்றே அமைப்பதும் உண்டு. வயிற்றுத் தசைகள் செயலிழந்தவரின் உடல் முன்னே விழாமல் அந்தச் சாய்வு பிடித்துக்கொள்ளும். ஆனால் அது தெரிந்து செய்யும் தெரிவு. அச்சை மாற்றும்போது தெரியாமல் நேர்வது விபத்துக்கு வித்து.

திருகாணியைத் தொடும் முறை

இனி அந்த மெத்தைக்காரரின் நாற்காலியைச் சீர் செய்வோம். முதல் வேலை, அவர் நாள்தோறும் பயன்படுத்தப்போகும் மெத்தையைத் தேர்ந்து, அதன்மேல் அவரை அமரவைத்து அளப்பது. மெத்தையின்றி அளந்த அளவு பயனற்றது. பின்னர் அவரை இறக்கிவிட்டு நாற்காலியைச் சாய்த்துக் கிடத்தினால், பின்சக்கரத்துக்கு உட்புறம் துளைகள் வரிசையிட்ட தகடு தெரியும். எண்ணெய்ப் பிசுக்கும் தலைமுடியும் சுற்றிய அச்சை உருவித் துடைத்து, இரண்டு துளை மேலே பூட்டினால் 5 செ.மீ. கிடைக்கும். இருபுறமும் ஒரே துளை வரிசை என்பதை விரலால் எண்ணிச் சரிபார்க்க வேண்டும். ஒருபுறம் மாறினால் நாற்காலி எப்போதும் ஒரு பக்கமாகவே இழுக்கும்.

நாற்காலி பின்னே சாயாதிருக்க முன்பகுதியும் அதே அளவு தாழ வேண்டும். முன்னே 20 செ.மீ. விட்டமுள்ள சக்கரத்துக்கு மாற்றாக 15 செ.மீ. சக்கரம் பூட்டினால் 2.5 செ.மீ. தாழும், அச்சக்கரத்தைத் தாங்கும் கவையின் துளையில் ஒரு நிலை மாற்றினால் மீதி 2.5 செ.மீ. தாழும். சிறிய சக்கரம் எளிதில் திரும்பும். ஆனால் சாலைக் குழியிலும் சாக்கடை மூடியின் இடுக்கிலும் எளிதில் சிக்கும். கரடுமுரடான தெருவில் உலவுபவர் பெரிய சக்கரத்தையே விடாதிருப்பது நன்று.

அடுத்து, கொத்தனாரின் மூலைமட்டத்தை எடுத்து, முன்சக்கரம் சுழலும் தண்டு தரைக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். தண்டு சாய்ந்திருந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் நாற்காலியின் முன்பகுதி ஏறி இறங்கும். விரைவில் செல்லும்போது சக்கரம் படபடக்கும். அச்சு நகர்ந்ததால் பிரேக்கின் முனை டயரை அழுத்தாது. அதனையும் நகர்த்திப் பூட்ட வேண்டும். பின்கவிழ்வைத் தடுக்கும் சிறு சக்கரங்கள் தரையைத் தட்டாமலும் மிக உயர்ந்து நிற்காமலும் அமைய வேண்டும். மெத்தை உடலை உயர்த்திய அளவுக்கு முதுகுத்தாங்கியும் கைத்தாங்கியும் உயர வேண்டும். கடைசியில் கால்தாங்கியை அளந்து பூட்டி, தொடையின் முன்பகுதிக்கும் மெத்தைக்கும் இடையே உள்ளங்கையைத் தட்டையாக நுழைத்துப் பார்க்க வேண்டும். கை சற்று இறுக்கமாக நுழைந்தால் தொடை எடையைத் தாங்குகிறது எனக் கொள்ளலாம். தளர்ந்து நுழைந்தால் தாங்கி உயர்ந்துள்ளது.

முதல் ஓட்டம் சமதளத்தில். அதன்பின் சாய்தளம், அங்கே வலிமையுள்ள ஒருவர் நாற்காலிக்குப் பின்னே இரு கைகளையும் நீட்டி நிற்பது கட்டாயம். உடல் புதிய உயரத்தைப் பழகச் சில நாள் ஆகும். முதல் சில நாள்கள் மாலைதோறும் அமர்வெலும்புப் பகுதியின் தோலைக் கண்ணாடியில் பார்த்துக்கொள்வது அறிவுடைமை.

வீடு கேட்கும் உயரம்

கட்டிலும் கழிப்பறையும் நாற்காலியோடு ஒரே உயரத்தில் இருந்தால் மாறி அமர்வது எளிது. மேலிருந்து கீழே மாறுவது எளிது. கீழிருந்து மேலே மாறுவது கடினம். ஆனால் போய்வருபவர் இரு வழியும் செல்ல வேண்டும் என்பதால் சமவுயரமே நடுநிலை. சாப்பாட்டு மேசையும் ஒரு சொல் சொல்லும். 47 செ.மீ. இருக்கையில் 14 செ.மீ. தடிப்புள்ள தொடை வைத்தால் முழங்காலின் மேற்பகுதி 61 செ.மீ. உயரத்தில் நிற்கும்; மேசைச் சட்டத்துக்கு அடியில் நுழையும். 56 செ.மீ. இருக்கையானால் அது 70. பெரும்பாலான மேசைகளில் இடிக்கும். இடித்தால் தட்டு மடிக்கு வரும். சாப்பிடுபவர் வீட்டாரிடமிருந்து ஒரு முழம் தள்ளியே அமர்வார். உயரப் பிழையில் பிறக்கும் தனிமை இது.

வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய மருத்துவர் மேரி வர்கீசு 1954இல் சாலை விபத்தில் இரு கால்களின் இயக்கத்தையும் இழந்தார். அதன் பின்னரும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். 1966இல் அங்கே எழுந்த மறுவாழ்வு நிலையத்துக்கு வித்திட்டவரும் அவரே. அமர்ந்திருப்பவரின் கை வேலையை எட்டும்போது அங்கே குறை என்ற சொல்லுக்கு இடமில்லை என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.

உலக நலவாழ்வு நிறுவனம் 2008இல் வெளியிட்ட வழிகாட்டி, சக்கர நாற்காலி வழங்குவதை எட்டுப் படிகளாகப் பிரித்தது. உடலை மதிப்பிடுதல், பொருத்திப் பார்த்தல், பயனருக்குப் பயிற்சி அளித்தல், பின்னர் தொடர்ந்து பேணுதல் ஆகியன அவற்றுள் அடங்கும். நாற்காலியைக் கையில் கொடுப்பது எட்டில் ஒரு சிறு பகுதியே. சென்னை ஐ.ஐ.டி.யின் மறுவாழ்வுக் கருவி ஆய்வு மையத்திலிருந்து பிறந்த நியோஃபிளை போன்ற நாற்காலிகள் பயனரின் உடலளவைக் கேட்டுப் பெற்ற பின்னரே உருவாக்கப்படுகின்றன. ஆயினும் விழா மேடைகளில் வரிசையாக நிறுத்தி வழங்கப்படும் நாற்காலிகள் இன்றும் ஒரே உயரத்தில்தான் நிற்கின்றன. அவற்றைப் பெற வருவோர் எவரும் ஒரே உயரத்தில் இல்லை.

ஆகவே சக்கர நாற்காலி வாங்குவோரும், நன்கொடையாக வழங்குவோரும், அன்பினால் புதிய மெத்தை வாங்கி வருவோரும் ஒன்று செய்க. முழங்காற் குழியிலிருந்து குதிகால்வரை ஒரு முறை அளந்து குறித்துக்கொள்க. பின்பு அமர்ந்தவரின் விரல்நுனி அச்சைத் தொடுகிறதா என்று பார்க்க. தையற்காரரின் அளவுநாடா ஒன்று போதும். சட்டைக்கு அளவெடுக்கும் நாம் நாளெல்லாம் அமரும் இருக்கைக்கு அளவெடுக்காமல் விடுவது முறையன்று.